ஐட்லிங்கும் ஒரு சந்தனப் பொட்டும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் இன்னும் நீளும். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். போன வருடம் அந்த வாயால் ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டேன். அதற்குப் பிறகு யாராவது சிரித்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எல்லாம் என் காரில் தொடங்கியது. முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய, கார்புரேட்டர் வைத்த ஜப்பான் கார். எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போனபோது அவரிடம் வாங்கியது. தம்பினிலிருந்து கெமாஸ் போகும் பக்கம், செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் தோட்டம். எனக்கு வேலை நீலாயில், ஒரு தொழிற்சாலையில். போக ஒரு மணி நேரம், திரும்பி வர அதற்கும் மேல். இந்தக் காரைத் தலைமுழுகச் சொல்லி என் பிள்ளைகள் அலுத்துப்போனார்கள். ஓடும்போது அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நின்றால்தான் வம்பு. டிராபிக் லைட்டில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் இருமும், நடுங்கும், சில சமயம் அணைந்தே போகும். காலை எடுத்த பிறகும் என்ஜின் தானே மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதை மெக்கானிக்குகள் ஐட்லிங் என்பார்கள். என் காருக்கு மற்றதெல்லாம் வரும், அது மட்டும் வராது.

அந்தச் சமயம்தான் தோட்டத்திலேயே ஒருவர் மெக்கானிக் கடை போட்டார். சிரம்பானில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு வந்து, ரப்பர் காலத்தில் பால் அளந்த பழைய ஸ்டோரை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி, கூரைத் தகரம் மாற்றித் தொடங்கியிருந்தார். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. தோட்டத்தில் இருக்கும் நாலு வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என்னை அண்ணே என்று கூப்பிடுவார். நான் அவரை அவன் இவன் என்றுதான் பேசிவந்தேன். இப்போது எழுதும்போது அவர் என்றுதான் வருகிறது.

முதல் தடவை காரைக் கொண்டுபோனபோது அரை நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கார்புரேட்டரைக் கழற்றி மேசையில் பிரித்துப் போட்டார். ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு, அதில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்து, ஒரு கண்ணை மூடி, அதை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் மாட்டி என்ஜினை ஓடவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் சரிபார்க்கும் திருகாணியை உள்ளே முறுக்கிக்கொண்டே போனார். என்ஜின் தடுமாறியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தார். தலையைச் சாய்த்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, காதால்தான் வேலை செய்தார். ஒரு இடத்தில் என்ஜின் மூச்சு விட்டாற்போல அமைதியானது. கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் நீலாய் போய்த் திரும்பும்வரை கார் ஒரு தடவைகூட அணையவில்லை. நான் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். பள்ளி வேன் ஓட்டுபவரை நான்தான் அங்கே அனுப்பினேன். கோயில் தலைவரின் ஜீப்பும் நான் சொல்லித்தான் போனது. என் வாய் நல்லதுக்கும் நீளும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஆயுத பூசை வந்தது. காரைக் கழுவினேன். வெளியே மட்டும் கழுவினால் போதாது என்று பானெட்டைத் திறந்து, மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துக்கொண்டு, அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல என்ஜினைத் தேய்த்தேன். மனைவி கெட்டியாகச் சந்தனம் அரைத்துக் கொடுத்தாள். பேட்டரிக்கு ஒரு பொட்டு, ரேடியேட்டருக்கு ஒரு பொட்டு. கார்புரேட்டருக்குக் கீழே, என்ஜினுக்குள் போகும் குழாயின் பக்கத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ரப்பர் மூடி துருத்திக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. பொட்டு வைக்க வாகாக இருந்தது, அவ்வளவுதான். அதன் மேல் நன்றாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிச் சூடம் காட்டியபோது கார் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

ஒரு வாரம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு பழைய இருமல் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. காலை எடுத்தால் வேகம் ஏறும், இறங்கும், ஏறும், பட்டென்று அணையும். நேராக ஸ்டோருக்கு ஓட்டிப்போய், நேற்றுச் செய்த வேலை இன்று கெட்டுப்போன மாதிரி சத்தம் போட்டேன். அவர் பானெட்டைத் திறந்தார். என்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பாதி மூடினார். என்ஜின் சட்டென்று சீரானது. கையை எடுத்தார், மறுபடி தடுமாறியது.

"கள்ளக் காத்து அண்ணே," என்றார். "கார்புரேட்டர் வழியா வராம வேற எங்கயோ பூந்து உள்ள போவுது. அதான் ஐட்லிங் நிக்கல."

எங்கே என்று தேடினார். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்கிப் பார்த்தார். கார்புரேட்டர் அடியில் கிளீனரைப் பீய்ச்சினார். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் பீய்ச்சும்போது என்ஜின் சத்தம் மாறுமாம். மாறவில்லை. கடைசியில் ஒரு இடத்தில் கிளீனர் டின்னைப் பிடித்தபடி நின்றுவிட்டார். என் சந்தனப் பொட்டு இருந்த இடம் அது. காய்ந்து, அங்கங்கே வெடித்திருந்தது.

"அண்ணே, இத தொடைக்கலாமா?"

"அது சாமிக்கு வச்சது," என்றேன். "நீ தொடாத."

சொன்னது இவ்வளவுதான். ஆனால் சொன்ன விதம் எனக்குத் தெரியும். தொடாதே என்ற சொல்லுக்கு எங்கள் ஆட்களுக்குள் ஒரு பழைய பொருள் உண்டு. அவருடைய பாட்டன் லயத்து வீட்டு வரிசையில் எந்தக் கோடியில் இருந்தார், அந்த வீட்டுத் தண்ணீரை யார் யார் குடிக்க மாட்டார்கள் என்பதெல்லாம் இப்போது யாரும் பேசுவதில்லை. பேசாததால் மறந்துவிட்டதாக ஆகாது. எனக்கும் மறக்கவில்லை, அவருக்கும் மறக்கவில்லை. என் சத்தத்தில் அது இருந்தது. அவர் டின்னை மேசையில் வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்புதான் காரைக் கழுவியபோது, முன் கண்ணாடியிலும் பானெட்டிலும் வைத்திருந்த சந்தனத்தை ஹோஸ் தண்ணீரால் நானே அடித்துச் சாக்கடைக்கு அனுப்பியிருந்தேன். அப்போது எனக்குச் சாமி ஞாபகம் வரவில்லை.

அவர் ஐட்லிங் திருகாணியைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, அணையாமல் ஓடும்படி செய்தார். பொட்டு தானாக உதிர்ந்ததும் கொண்டுவரச் சொன்னார். வேலை தெரியாதவன் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை நீலாயில், தொழிற்சாலைக்கு முன்னால் இருக்கும் டிராபிக் லைட்டில் கார் செத்துப்போனது. பின்னால் இரண்டு லோரி, ஹார்னை விடாமல் அடித்தார்கள். எனக்குக் கீழே வேலை செய்யும் பையன்கள் நாலு பேர் ஓடிவந்து தள்ளினார்கள். தள்ளும்போது அவர்கள் சிரித்தது கண்ணாடியில் தெரிந்தது. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

எங்கள் தோட்ட முச்சந்தியில் ஒரு ஒட்டுக்கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டமே ரொட்டி சானாய்க்கும் தேத்தண்ணிக்கும் அங்கேதான் கூடும். வேதக்காரர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள், அந்த நேரம் அவர்களுக்குத் தேவாலயம். அங்கே நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன், என் காரின் ஒரிஜினல் ஜெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு தேய்ந்துபோன பழசை மாட்டிவிட்டான் என்று. சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் உண்மை என்றும் தெரியாது. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாமிக்கு வைத்த சந்தனத்தில் கை வைக்கப் பார்த்தான், நான்தான் தடுத்தேன், அவனுக்கு எங்கே தெரியப்போகிறது நம்ம சாமி என்றும் சேர்த்தேன். ஜெட் என்றால் என்ன என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. சந்தனம் எல்லாருக்கும் தெரியும். நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள்.

அடுத்த வாரம் பள்ளி வேன் தம்பினுக்குப் போய் வேலை பார்த்து வந்தது. ஜீப்பும் போகவில்லை. ஸ்டோரைக் கடந்து போகும்போது பார்ப்பேன், அவர் கவிழ்த்துப் போட்ட கிரேட்டில் உட்கார்ந்து சுத்தமாக இருக்கும் ஸ்பேனர்களையே துடைத்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது அது நியாயமாகத்தான் தோன்றியது. தீபாவளி வந்தது. வேதக்கார வீடுகளுக்கு முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். மூன்று வீட்டுக்குப் போதும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தாள்.

தீபாவளி கழிந்ததும் தம்பினில் ஒர்க்ஷாப் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயிடம் காரைக் கொண்டுபோனேன். வயசாளி, பனியனோடு இருந்தார். அவரும் உள்ளங்கையால் கார்புரேட்டர் வாயைப் பாதி மூடினார். அவரும் கிளீனரை எடுத்துப் பீய்ச்சிக்கொண்டே வந்தார். சந்தனம் இருந்த இடத்துக்கு வந்ததும், யாரையும் கேட்காமல் பாக்கெட்டிலிருந்து ஒரு கரித்துணியை எடுத்து, ஒரே இழுப்பில் அதைத் துடைத்தெறிந்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையை நீட்டினால் அவர் தோளைத் தொடும் தூரம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமிக்கு வைத்தது என்று சொல்லவில்லை. தொடாதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. துணி கீழே விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடியில் அந்த ரப்பர் மூடி ஊறி உப்பி, குறுக்கே கீறி வாயைப் பிளந்திருந்தது. பீய்ச்சியதும் என்ஜின் சத்தம் மாறியது. தவுக்கே அதைப் பிடுங்கி என் கையில் போட்டுவிட்டு, ஒரு பழைய மில்க் டின்னைக் கிளறி வேறு ஒரு மூடியை எடுத்துச் செருகினார். "இனி சாஜா," என்றார், இவ்வளவுதான் என்று. கார் சீராக நின்றது. யார் மண்ணெண்ணெய் போட்டு ரப்பரைத் தேய்த்தது என்று மலாயில் கேட்டார். தெரியாது என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. கீறியது என் பிரஷ். கீறலை ஒரு வாரம் அடைத்து வைத்தது என் சந்தனம். அது காய்ந்து வெடித்ததும் காற்று புகுந்தது. கண்டுபிடிக்க வந்தவரைத் தடுத்தது என் வாய். பிறகு அவரைத் திருடன் என்றதும் அதே வாய்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் அன்று ஸ்டோர் பக்கம் போகவில்லை. தோட்டத்துக்குப் பின்பக்கமாக ஒரு மண் சாலை உண்டு, செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் போவது. இரண்டு வாரம் அந்தக் குண்டுகுழியில்தான் காரை ஓட்டினேன். மனைவி கேட்டாள், முன்சாலையில் வேலை நடக்கிறது என்றேன்.

நவம்பர் முடிகிற சமயம் ஸ்டோரைப் பற்றி ஒரு செய்தி அடிபட்டது. சாவியை நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் நீலாயில் ஏதோ தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகப்போகிறாராம். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். கையில் அந்தக் கீறிய மூடி. அதை மேசையில் வைத்துவிட்டு, தப்பு என் மேல்தான், உன்மேல் ஒன்றுமில்லை, இதுதான் வெடித்திருந்தது என்றேன்.

அவர் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் அண்ணே," என்றார். "அன்னைக்கே தெரியும். பாக்காத எடம் அது ஒன்னுதான் பாக்கி."

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னேன்லா அண்ணே. தொடைக்கலாமான்னு கேட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன், எனக்கு அது பழக்கம். அவர் கோபப்படவில்லை. என்னிடம் வந்து சொன்னது சந்தோஷம், ஆனால் கடையில் சொன்னதைக் கடையில்தான் எடுக்க வேண்டும் என்றார். வேண்டுகோள் மாதிரிதான் சொன்னார். சாவியை அடுத்த மாதக் கடைசிவரை தானே வைத்திருக்க ஆபீசில் தவணை கேட்டிருக்கிறாராம்.

மறுநாள் காலை ஒட்டுக்கடைக்குப் போனேன். ராத்திரியெல்லாம் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். எழுந்து நின்றேன். ஜெட்டை அவன் மாற்றவில்லை, ஒரிஜினல் என் காரில்தான் இருக்கிறது, ஒரு ரப்பர் மூடி பழசாகி வெடித்துவிட்டது, தெரியாமல் பேசிவிட்டேன், வேலையில் அவன் சுத்தம் என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. பழசாகி என்ற ஒரு சொல்லைத் தவிர.

பள்ளி வேன் ஓட்டுபவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்ப சந்தனத்துல கை வைக்கப் பாத்தான்னீங்களே, அது?"

இதோ வாசல் திறந்து கிடந்தது. அவன் கேட்டான், நான்தான் தொடாதே என்றேன், அதே சந்தனத்தைத் தவுக்கே கரித்துணியால் துடைத்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். மூன்று வாக்கியம். அந்தப் பத்துப் பதினைந்து முகங்களும் என்னையே பார்த்தன. கோயில் தலைவரும் இருந்தார்.

"அது ஏதோ பேச்சுவாக்குல வந்தது," என்று பூசி மெழுகினேன். உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தேன். யாரோ, தப்பை ஒத்துக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும் என்றார். என் தேத்தண்ணிக் காசை வேறொருவர் தன் கணக்கில் எழுதச் சொன்னார்.

அது போதுமானதாக இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். பள்ளி வேன் மறுபடி ஸ்டோருக்குப் போனது. பழுது பார்க்க மோட்டோ சைக்கிள்கள் வந்தன. கோயில் தலைவரின் ஜீப் மட்டும் வரவில்லை. சாவி அவரிடமே தங்கியது.

கிறிஸ்மஸ் அன்று முற்பகல் வாசலில் மோட்டோ வந்து நின்றது. அவரும் மனைவியும். அந்த அம்மா கையில் துணி மூடிய தட்டு, கேக்கும் முறுக்கும். தீபாவளிக்கு நாங்கள் அவர்கள் வீட்டை விட்டுவிட்டதைப் பற்றி முகத்தில் ஒன்றுமே இல்லை. அவர் கேட்டுக்கு வெளியே மோட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இவரு கட மூடிட்டு நீலாய்க்குப் போறேன்னு இருந்தாரு அண்ணே," என்றார் அந்த அம்மா. "நீங்கதான் எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு சொன்னீங்களாம். அண்ணனுக்கு ரொம்ப பெரிய மனசுன்னு இவரு சொன்னாரு. நீங்க இல்லன்னா எங்களுக்கு இந்தப் பெருநாளே இல்ல."

அந்த அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று ஸ்டோரில் நடந்ததை அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நான் தொடாதே என்றதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தாரா, அல்லது தனக்கு நேர்ந்ததை மனைவி காதில் போட அவருக்கே கூசியதா, எனக்குத் தெரியாது. இரண்டாவதாகத்தான் இருக்கும். நான் கேட் பக்கம் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மோட்டோவின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அதனால என்னம்மா, நல்லா இருங்க," என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டேன்.

மோட்டோ போன பிறகு மனைவி குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து தட்டைப் பார்த்தாள். தீபாவளிக்கு நாம் கொடுக்காத வீடாயிற்றே, என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"ஒன்னுமில்ல, பெருநாள் வாழ்த்து சொன்னாங்க," என்றேன்.